கையெழுத்துக்கு முன் ஒரு சொல்: 'கன்சென்ட்'



குழுவில் சேர்ந்து முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாளை நாம் மறக்கவே மாட்டோம். ஆனால் எதில் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால், அதுவும் கைநாட்டு மாதிரிதானே?

வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நீட்டுகிற பாரங்களில் 'கன்சென்ட்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். தமிழில் சம்மதம், இசைவு. விலை பேசி முடித்து "சரிங்க" என்றால் அது 'அக்ரி'. 'கன்சென்ட்' அதைவிடக் கனமான சொல். என் உடம்பிலோ பணத்திலோ இன்னொருவர் ஒன்றைச் செய்ய நான் அனுமதி தருகிறேன் என்று அர்த்தம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது. நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கொலு பொம்மை விற்கும் ஒருவர் நம் குழுவிடம் "பத்து செட் கொடுங்க" என்கிறார் என்று வையுங்கள். அவர் மனதில் தசாவதாரம், செட்டுக்குப் பத்து பொம்மை. நம் மனதில் ராமர் செட், செட்டுக்கு நாலு. இரண்டு பேரும் தலையாட்டியாச்சு. சம்மதம் மட்டும் இன்னும் வரவில்லை!

மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதத்தை மறுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் "படிக்காம போட்டுட்டேன்" என்று பிறகு சொன்னால் எளிதில் எடுபடாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் ஊர்ப் பெண்களும் போகிறார்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் ஆபரேஷனுக்கு முன் சம்மதப் பாரம் வரும். உடனே "வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்கிறோம். ஆனால் முதலில் வேண்டியது நம்முடைய சம்மதம்தான்.

டெல்லியில் ஒரு பெண், கருவி விட்டு வயிற்றைப் பரிசோதிக்கச் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயாரைக் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது வயதுவந்த மகளுக்காகத் தாயாரும் சம்மதிக்க முடியாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

கடனிலும் இதே கதைதான். சிறுகடனுக்கான ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கடனோடு இன்ஷூரன்ஸ் போன்றவற்றை, நம் முழுச் சம்மதம் இல்லாமல் சேர்த்துத் தள்ளக் கூடாது.

ஆகவே பேனாவைத் திறக்கும் முன்:

* "இது எதற்கு? தமிழில் படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள்.
* வட்டி, தவணை, பிடித்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.
* ஆஸ்பத்திரியில், என்ன செய்யப் போகிறார்கள், ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்று கேளுங்கள்.
* காலிப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பாரம் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும். எல்லோரும் சேர்ந்து அர்த்தம் பார்ப்போம்.