கற்றூணும் சோழிக் கணக்கும்

யாழ்ப்பாணத்திலே வாக்கியம், திருக்கணிதம் எனப் பஞ்சாங்கம் இரண்டு வழங்குதலை அறியாதார் இலர். விரதம் ஒன்றற்கு இரு நாள் குறிக்கப்படும்போது வீட்டில் எழும் வழக்கையும் அறிவோம். அவ்வழக்கின் ஒரு கிளை, சென்னை வானியல் அவதான நிலையத்தின் வரலாற்றினூடே செல்கின்றது.

1786-ஆம் ஆண்டிலே வில்லியம் பெற்றி என்னும் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர் தம் சொந்தச் செலவில் எழும்பூரில் விண்மீன்களை அவதானிக்கத் தொடங்கினார். கம்பனியார் அம்முயற்சியை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்திற் கட்டடம் எழுப்பினர். அமைத்தவர் மைக்கல் டொப்பிங். கப்பல் செலுத்துவோர்க்கும் நிலம் அளப்போர்க்கும் நெட்டாங்கு திட்டமாகத் தெரிதல் வேண்டும். அதற்கு விண்மீன் உச்சங் கடக்கும் கணத்தைப் பிசகின்றிக் குறித்தல் வேண்டும். கருவி சிறிதும் அசையலாகாது. ஆதலால் ஏறக்குறையப் பத்துத் தொன் எடையுள்ள கருங்கற்றூண் ஒன்றை நிறுத்தி, அதன்மேற் கருவியை வைத்தனர். இலத்தீன், பாரசீகம், தெலுங்கு என்பவற்றோடு தமிழிலும் அத்தூணில் எழுத்துப் பொறித்தனர். பிரித்தானியர் கொடையாற் கணித சாத்திரம் ஆசியாவில் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டின் பின் வருவோரும் அறிதல் வேண்டும் என்பது நோக்கமாம். தமிழெழுத்து அங்கே இடம்பெற்றது மகிழ்ச்சியே. 'முதன்முதல்' என்பதைத்தான் ஏற்க மனம் ஒருப்படவில்லை.

அதற்கு மறுப்பு அந்நிலையத்தைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே கிடைக்கின்றது. 1805 முதற் சில ஆண்டு அங்கே பதில் வானியலாளராயிருந்த ஜோன் வாரன், தென்னாட்டுக் காலக்கணிதத்தை ஆராய்ந்து 'கால சங்கலித' என்னும் நூலை 1825-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவர்பொருட்டு நிலத்திற் சோழிகளைப் பரப்பி, அவ்வாண்டு மே 31-ஆந் திகதி இரவுக்குரிய சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் யாவும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நெஞ்சிலிருந்தன. அவையே வாக்கியங்கள். கிரகணத் தொடக்கத்திற் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. ஒட்டோ நொய்கெபவர் என்னும் கணித வரலாற்றறிஞர் 1952-இல் இதனைத் தமிழ் வானியல் என்ற தலைப்பில் ஆராய்ந்து, பாபிலோனியக் கணக்குமுறையோடு இதற்குள்ள உறவை எடுத்துக்காட்டினார்.

சோழிகொண்டு 4 நிமிடத்துக்குள் வந்தது வியப்பே. எனினும் 52 நிமிடத்தை நாம் மறைத்தல் கூடாது. மனனஞ் செய்த எண் தானே திருந்தாது. வானை நோக்கினாலன்றி அதன் பிழை புலப்படாது.

நோக்கியவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். 1861-இல் நோர்மன் பொக்சன் அரசாங்க வானியலாளராக வந்தபோது ஆசாரியார் அங்கே உதவியாளராயிருந்தார். 1867-இல், ரெட்டிக்குலம் என்னும் தென்வான் மண்டலத்திலுள்ள விண்மீனொன்று ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். பஞ்சாங்கமும் அவதானத்திற்கு இயையத் திருத்தப்படல் வேண்டுமென வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். பழைய முறையார் பலர் உடன்பட்டிலர். 1880-இல் அவர் மறைந்தார். (திருக்கணிதத்திலுள்ள 'திரு' மங்கலச் சொல்லன்று, 'திருக்கு' என்பது பார்வை. மாணாக்கர் இதனைப் பிழைபட எழுதுதல் உண்டு.)

1876–78 பஞ்சத்தின் பின்னர், சூரியனுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் விருப்பு எழுந்தது. அதன் பயனாக வானியற் பணி 1899-இற் கொடைக்கானல் மலைக்குச் சென்றது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுதலை ஜோன் எவர்செட் 1909-இற் கண்டது அங்கேதான். நுங்கம்பாக்கத்தில் வானிலை அலுவலகமே எஞ்சியது. அதன் வளவிலே, மேலே கருவி எதுவுமின்றி, தமிழெழுத்தோடு அக்கற்றூண் நிற்கின்றது.