முக்கூர்த்தி மலையில் ஒரு சொந்தக் கணக்கு

சித்திரை பிறந்து, கோடை மழை ஒருமுறை வந்து போயிருந்தது. நீலகிரியில் முக்கூர்த்திப் பக்கம், புல்வெளி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் தனியே ஒரு கோணல் மரம். பூத்து ஓய்கிற நேரம். ரத்தச் சிவப்பில் நாலைந்து கொத்துகள்தான் மிச்சம். "காட்டுப்பூவரசு சார்" என்றார் கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர். ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது ரோடோடெண்ட்ரான்.

சோலை மரங்கள் புல்வெளிக்குள் எளிதில் வருவதில்லை. உறைபனியும் கோடைத் தீயும் கன்றுகளைக் கருக்கிவிடும். இது மட்டும் தடித்த, தக்கை போன்ற பட்டையைப் போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறது. இதே இனம் இமயமலைச் சரிவுகளிலும் உண்டு, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே. இலங்கை மலைநாட்டில் இன்னொரு கிளையினம். இடையிலுள்ள சமவெளிகளில் ஒன்றுகூட இல்லை. பனியுகக் குளிரில் தாழ்ந்த குன்றுகள் வழியே தெற்கே பரவி, பூமி சூடானதும் உச்சிகளில் ஒதுங்கிக்கொண்டது என்பது ஒரு விளக்கம்.

மேலே பாறை விளிம்பில் வரையாடுகள். தை, மாசியில் பிறந்த குட்டிகள் தாயை விடப் பாறையை நம்பித் தாவின. முதுகில் வெள்ளிச் சேணம் விரித்தாற்போல் ஒரு கிடா எங்களையே பார்த்தது. இமயத்திலும் இதே சாயலில் ஒரு காட்டாடு உண்டு. அதனால் பூவைப் போலவே இதையும் வடக்கத்திச் சொந்தம் என்று நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணு அந்த உறவை அறுத்தது. வரையாட்டுக்கு நெருக்கம் செம்மறி வகைகளோடாம்! நீலகிரியின் பெயரிலேயே தனிப் பேரினம் கிடைத்தது: நீல்கிரிட்ராகஸ். உருவத்தை வைத்து உறவு சொல்வதில் இருக்கும் வம்பு இதுதான்.

இறங்கும்போது சோலை ஓரத்தில் கெக்கலிப்புச் சத்தம். நீலகிரிச் சிரிப்பான். வெள்ளைப் புருவம், துருநிற வயிறு. இதற்கும் இமயத்துச் சிரிப்பான்களோடு கோத்திரம் சேர்த்திருந்தார்கள். 2017-இல் இதையும் தெற்கத்தி மலைகளின் வேறு சில சிரிப்பான்களையும் பிரித்துத் தனிப் பேரினமாக்கினார்கள்.

சிரித்து முடித்த பறவை எங்களைப் பொருட்படுத்தாமல் அடுத்த காட்டுப்பூவரசுக்குத் தாவியது. ஒரு பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்து நிமிர்ந்தபோது, அதன் நெற்றியில் மகரந்தம் திருநீறு மாதிரி ஒட்டியிருந்தது.