படுக்கைப் புண் ஏன் வருகிறது?

தோலுக்கு இரத்தம் தரும் தந்துகிகளில் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்கும் சதையில் அழுத்தம் அதைத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு மடியத் தொடங்கும். நலமாக இருப்பவர் தூக்கத்திலும் தன்னையறியாமல் புரண்டுவிடுவார். பக்கவாதமோ முதுகுத்தண்டுக் காயமோ உள்ளவரால் அது இயலாது. அவருக்காகச் செவிலியர்தான் புரட்டிவிட வேண்டும், வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை.

வால் எலும்புப் பகுதியும் குதிகாலும் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும். தோலைவிடத் தசை விரைவில் சிதைவதால், மேலே சிறிதாகத் தெரியும் புண்ணுக்கு அடியில் பெரிய குழி இருக்கக்கூடும். தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடல் கீழே சரியும்; தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுகும். ஈரம் இதை இன்னும் மோசமாக்கும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறவில்லையா? அதுவே முதல் நிலை. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைக் கையால் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும்; இதைத் தவறவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. நலிந்த குழாய்கள் மேலும் சிதையும்.