வாத்தியம் கலைஞருடையது... நாதம் யாருடையது?

எந்த இசைக்கலைஞரிடமும், "உங்க வாத்தியத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேட்டிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியவர் அரைமணி நேரம் பேசுவார். உறை பிரியும், பெட்டி திறக்கும். எது குருநாதர் கொடுத்தது, எது கல்யாணக் கச்சேரிக்கு மட்டும் எடுத்துப்போவது, எதை மகன்கூடத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். மார்கழி சீசனை ஒட்டி, 'கலைஞர்களின் வாத்தியப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?' என்று எழுதத்தான் புறப்பட்டோம். ஆனால், எல்லாருடைய பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. "இதுக்கு வேலை செஞ்சு தர்றவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கும் வயசாயிடுச்சு. பிள்ளைங்க இந்த வேலைக்கு வரலை."

இந்தக் கட்டுரை அந்த 'ஒருத்தரை'ப் பற்றியது.

சீவாளிக் கொத்து

நாகஸ்வரக்காரர் மேடையில் உட்கார்ந்ததும் வாத்தியத்திலிருந்து ஒரு சிறு கொத்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் வைத்து ஊதும் நான்கைந்து சீவாளிகள், அவற்றைச் சரிசெய்ய ஓர் ஊசி. அலங்காரம்போலத் தெரியும் அந்தக் கொத்துதான் அன்றைய கச்சேரியின் உயிர். குழல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சீவாளி ஒத்துழைக்காவிட்டால் ஸ்வரம் பிசிறும். உதட்டு ஈரத்துக்கு ஒரு சீவாளி ஊறிப்போகும், காற்று உலர்ந்தால் இன்னொன்று இறுகிவிடும். ஆலாபனைக்கு நடுவே தவில்காரர் ஒரு சுற்று வாசிக்கும் நேரத்தில் சீவாளியை மாற்றிக்கொள்ளும் வித்வான்கள் உண்டு.

காவிரிக் கரையில் விளையும் நாணல்தான் இதற்கு மூலப்பொருள். அறுத்த நாணலைப் பக்குவம் பார்த்து வைத்திருந்து, அவித்து, உலர்த்தி, தட்டையாக்கி, நூல் சுற்றிக் கட்ட வேண்டும். திருவாவடுதுறை இந்த வேலைக்குப் பேர்போனது. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் ஊரும் அதுதான் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

குழல் செய்வது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில். மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், நிலை என்று தேடிப் பிடிப்பார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்து, இனி சுருங்கவும் விரியவும் எதுவும் மிச்சமில்லாத மரம்தான் துளை போட்ட பிறகு ஸ்ருதி மாறாமல் நிற்கும். விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இருக்கும் பிரம்மசுரத் துளைகளில் மெழுகு வைத்து நாதத்தைச் சரிசெய்வார்கள். உச்சஸ்தாயியில் பேசும் திமிரி நாகஸ்வரம் பின்னுக்குப் போய், நீளமான பாரி நாகஸ்வரம் இன்று எங்கும் ஒலிக்கிறதென்றால், அதற்கு ராஜரத்தினம் பிள்ளையின் காது ஒரு காரணம். அந்தக் காது கேட்டதை மரத்தில் கொண்டுவந்து, சுத்த மத்யமம் துல்லியமாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கை இன்னொரு காரணம். முதல் பெயரைத் தமிழ்நாடே அறியும். இரண்டாவது பெயர் நாகஸ்வரக்காரர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை.

மூட்டு மாற்றும் இடம்

அதிகம் பேச வேண்டியது மிருதங்கத்தைப் பற்றி. வயலின்காரருக்கு ஒரு வயலின் போதும், அவசரத்துக்கு இன்னொன்று. மிருதங்கக்காரருக்கு அது போதாது. ஆண் பாடகர் ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் இறங்கி ஏறி வராது. தாழ்ந்த ஸ்ருதியான தக்குக்குச் சுமார் 24 அங்குல நீளத்தில் ஒன்று, உயர்ந்த ஸ்ருதியான ஹெச்சுக்குச் சுமார் 22 அங்குலத்தில் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். சீசனில் ஓடியாடி வாசிப்பவர் வீட்டில் ஆறேழு கிடக்கும். அதில் ஒன்றிரண்டு எப்போதும் வேலைக்குப் போயிருக்கும்.

வேலை என்றால் என்ன? மிருதங்கத்தின் உடல் என்னவோ பலாமரம்தான், பல வருஷம் தாங்கும். தேய்வது தோல். பசு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் மிருதங்கத்தில் உண்டு. அடுக்கடுக்காகச் சேர்த்து, பின்னி, வாரால் இழுத்துக் கட்டிய முழு அமைப்புக்கு மூட்டு என்று பெயர். கச்சேரி மும்முரமாக இருந்தால் வலந்தலை, அதாவது வலது பக்கத்து மூட்டு, சில மாதங்களிலேயே களைத்துப் போகும். வலந்தலைத் தோல்களுக்கு இடையே ஈர்க்குச்சித் துண்டுகள் செருகினால் குச்சி மிருதங்கம், கல்துகள் வைத்தால் கப்பி மிருதங்கம். ஒவ்வொரு வித்வானும் இதில் ஒரு கட்சி.

ஒரு பட்டறையில் கரணை போடுவதை உட்கார்ந்து பார்த்தோம். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் கரணை. சோறு என்றும் சொல்வார்கள். காரணம், அதில் உண்மையிலேயே சோறு இருக்கிறது. இரும்பும் மாங்கனீசும் கலந்த கல்லை இடித்துச் சலித்த கரும்பொடியைக் குழைந்த சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார் அந்தப் பெரியவர். விரல்நுனியில் துளி எடுத்துத் தோலில் வைத்து, வழுவழுப்பான ஒரு கல்லால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். கல்லின் அழுத்தத்தில் ஈரம் வற்றி, கறுப்பு பளபளத்தது. அடுத்த துளி. மறுபடி தேய்ப்பு. மேலே போகப் போக வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிந்தும் நிற்கிற ஒரு சின்ன மேடு உருவானது. அது காயும்போது, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்புகள் இருந்தால்தான் கரணை தோலோடு சேர்ந்து அதிரும். வெடிப்பு அதிகமானால் பெயர்ந்துவிடும், விழாவிட்டால் நாதம் அடைத்துக்கொள்ளும். இதற்கு அளவுகோல் எதுவும் அவர் கையில் இல்லை. நான்கு பூச்சுக்கு ஒருமுறை விரலால் தட்டிக் காதைச் சாய்த்தார், அவ்வளவுதான். "என்ன கேக்குறீங்க?" என்றதற்கு, "இன்னும் பேசலை" என்று மட்டும் சொன்னார்.

வித்வான் மேடையில் மீட்டும்போது ஸ்ருதியோடு இழையும் அந்தக் கார்வை இங்கே, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவரின் கட்டைவிரலில் தொடங்குகிறது. இந்த உண்மையைப் பெரிய வித்வான்கள் அறிந்தே இருந்தார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கும் அவருக்கு வாத்திய வேலை செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துக்கும் இருந்த உறவு அப்படிப்பட்டது. தோலின் கனம், வாரின் இழுப்பு, கரணையின் அளவு என்று ஓயாமல் மாற்றிமாற்றிச் சோதித்த இருவரும் சேர்ந்துதான் இன்றைய மிருதங்க நாதத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். செபாஸ்டியன் என்பவரின் வழிவந்த பர்லாந்தின் குடும்பத்தைப் பற்றி 2020-இல் ஒரு நூலே வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது பட்டறைக்கும் மேடைக்கும் உள்ள தூரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். தோல் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தோலைத் தொட்டு வாசிப்பது உயர்ந்த கலை, தோலைத் தொட்டு வேலை செய்வது தாழ்ந்த தொழில் என்ற கணக்கு நம்முடைய இசையுலகில் இன்னும் முழுதாகக் கலையவில்லை. அப்பா பட்ட அவமானத்தைப் பார்த்து வளர்ந்த பையன் வேறு வேலைக்குப் போவதை யார் தவறென்று சொல்ல முடியும்?

குடமும் மெழுகும்

கடத்தின் கதை வேறு மாதிரி. மிருதங்கத்தைக் கல்லும் மரக்கட்டையும் கொண்டு தட்டி ஸ்ருதி சேர்க்கலாம். கடத்துக்கு அந்த வசதி இல்லை. சூளையிலிருந்து வெளியே வரும்போது எந்த ஸ்ருதியோ, ஆயுள் முழுக்க அதுதான். அதனால்தான் கடக் கலைஞர்கள் வீட்டில் ஸ்ருதிவாரியாகக் குடங்கள் வரிசை கட்டியிருக்கும். மானாமதுரை மண்ணுக்கு அடர்த்தியான, உலோகம்போல் கணீரென்ற நாதம் உண்டு. பச்சை மண்ணாக இருக்கும்போது பலகையால் தட்டித் தட்டி எல்லாப் பக்கமும் ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்காவது ஓரிடத்தில் கனம் கூடினாலும் ஒரு பக்கம் பேசும், மறு பக்கம் பேசாது. அங்கே கடம் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. வாசிப்பவருக்குக் கொடுக்கும் மரியாதையைச் செய்பவருக்கும் கொடுக்க முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் அத்தாட்சி அது.

வீணைக்காரர்களின் கவலை மெழுகில் இருக்கிறது. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் கறுப்பு மெழுகின் மேல் பதிந்தவை. வருஷக்கணக்கில் வெயிலும் விரலழுத்தமும் சேர்ந்து மெழுகை இளக்கும், மெட்டு இம்மி நகரும், ஸ்வரம் அபஸ்வரமாகும். அப்போது மெழுகை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும். சூடான மெழுகில் மெட்டை நிறுத்தி, தந்தியை மீட்டி, காதால் ஸ்வர ஸ்தானத்தைப் பிடித்து அழுத்துகிற வேலை. நல்ல காது உள்ளவர் கட்டினால் வீணை மறுபிறவி எடுக்கும். தெரியாதவர் கையில் கொடுத்தால், சரிசெய்யவே இன்னொருவரைத் தேட வேண்டும். அந்த இன்னொருவருக்காக மைசூருக்கும் தஞ்சாவூருக்கும் வீணையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தம்புராவைப் பற்றி எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பாடகர்கள் பலரின் பையில் இப்போது இருப்பது எலெக்ட்ரானிக் பெட்டி, அல்லது செல்போன் ஆப். பயணத்துக்கு வசதி, தந்தி அறுந்துபோகும் பயம் இல்லை என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார்களே, ஜீவா பிடிப்பது, அதைச் செய்யத் தெரிந்த சீடர்கள் எத்தனை பேர்? தேவை குறைந்தால் தெரிந்தவர்கள் குறைவார்கள். தெரிந்தவர்கள் குறைந்தால், வேண்டும் என்று கேட்பவருக்கும் கிடைக்காது.

முத்திரை போதுமா?

அரசுத் தரப்பில் நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல், மானாமதுரை மண்பாண்டத்துக்கு அதற்கு அடுத்த ஆண்டில். எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரை. போலிச் சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்ட முடியாது என்பது அதன் பலம். உளி பிடிக்கும் கைக்கு அடுத்த கை வருமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. வாசிக்கக் கற்பதற்கு இசைப் பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, டிப்ளமோ உண்டு, பட்டம் உண்டு. வேலை கற்பதற்கு இன்றைக்கும் பட்டறைத் தரைதான், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

ஃபைபர் கட்டையும் செயற்கைத் தோலும் நட்டு போல்ட்டும் வந்துவிட்டன, இனி தோல் வேலையே தேவைப்படாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தவிலில் வார் போய் இரும்பு போல்ட் வந்ததை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் போல்ட் வந்த பிறகும் தவிலுக்குத் தோல் மாற்ற ஆள் வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இது சில நூறு குடும்பங்களின் பிழைப்புப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. பத்து வருஷம் கழித்து அரங்கேற்றம் செய்யப்போகும் ஒரு பிள்ளைக்கு நல்ல வாத்தியம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. இப்போதே வெளியூர், வெளிநாட்டு மாணவர்கள் ஒரு மூட்டு மாற்ற மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மட்டமான மூட்டில் பழகிய விரல் மட்டமான நாதத்தையே சரியென்று நம்பத் தொடங்கும். ஒரு தலைமுறைக் காது கெட்டுவிட்டால், எது நல்ல நாதம் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. நம்முடைய பெரிய பயம் இதுதான்.

செய்யக்கூடியது என்ன? கலைஞர்களிடமிருந்தே தொடங்கலாம். கூலியைப் பேரம் பேசாமல், வேலை முடிந்த அன்றே கொடுப்பது முதல் படி. கச்சேரிச் சம்பளம் ஏறும்போதெல்லாம் வேலைக் கூலியும் ஏற வேண்டும். சபாக்கள் தங்கள் அழைப்பிதழில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று அச்சடிக்கும் இடத்துக்குக் கீழே, வாத்தியம் செய்தவர், வேலை செய்தவர் என்று ஒரு வரி சேர்க்கலாம். ஒரு பைசா செலவில்லை. சீசன் முடிவில் கொடுக்கும் விருதுகளில் ஒன்றை வாத்தியக் கைவினைக்கென்று ஒதுக்கி, முன் வரிசையில் உட்காரவைத்துக் கொடுக்கலாம். இசைக் கல்லூரிகள் வாரம் ஒரு வகுப்பைப் பட்டறைக்காரர்களிடம் ஒப்படைத்து, அவர்களுக்கு ஆசிரியருக்குரிய சம்பளத்தையே கொடுக்க வேண்டும். கரணை எப்படி உட்காருகிறது என்று தெரிந்த மாணவன் இன்னும் நன்றாகத்தான் வாசிப்பான். அரசு ஒன்று செய்யலாம்: மூத்த கைவினைஞரிடம் வேலை கற்க வரும் இளைஞருக்கு, எந்தச் சாதியில் பிறந்தவராக இருந்தாலும், மூன்று நான்கு வருஷம் மாத உதவித்தொகை கொடுக்கட்டும். தோல் வேலை ஒரு சாதியின் வேலை என்ற நினைப்பும் அப்போதுதான் உடையும்.

ரசிகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த டிசம்பரில் கச்சேரி முடிந்து கலைஞரைப் பாராட்டப் போகும்போது, தனி ஆவர்த்தனம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்த மிருதங்கத்துக்கு வேலை செய்தவர் யார்?" நூறு பேர் கேட்டால், அடுத்த வருஷம் அந்தப் பெயரை மேடையிலேயே சொல்லித்தான் ஆக வேண்டும்.