மின்சுற்றும் மீள்வழியும்

திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாய் இன்று விளங்கும் வேலம்பாளையம், பின்னலாடைத் தொழிலால் வாழும் ஊர்களுள் ஒன்று. பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரங்களைச் செப்பனிட முன்னாளில் ஸ்பானரும் எண்ணெய்க் குவளையும் ஏறக்குறையப் போதியனவாயிருந்தன. இந்நாளிலோ இயந்திரத்தை அடுத்து ஒரு பெட்டியும், அப்பெட்டியினுள் ஐ.சி.க்கள் செறிந்த பச்சைப் பலகையும் இடம்பெற்றுவிட்டன. நூல் அறுந்ததென உணர்த்துவதும், மோட்டாரின் விரைவைக் கூட்டிக் குறைப்பதும் அப்பலகைகளே. இத்தகைய ஊரில் வளரும் இளைஞர், கையில் மல்டிமீட்டரும் சாலிடர் இரும்பும் கொண்டு, பழைய போர்டுகளைத் திறந்து பார்க்க விழைவது இயல்பேயாம்.

இவ்வார்வம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சென்னையிற் கூடி, 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' என்னும் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பையும் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுபோயிற்று. எனினும் அக்கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் நடத்தலாயிற்று. பொழுதுபோக்காய்த் தோன்றியதொன்று பொதுநலமாய் வளர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

நிற்க. தமிழ் பயில்வார்க்கு மின்கருவிகளைப்பற்றி உரைக்க யாதுளது எனச் சிலர் வினவக்கூடும். சொல்லின் பொருளை ஆராய்வது எம் தொழில்; இத்துறையில் தலைமையான சொல் 'சுற்று' என்பது. சுற்றாவது, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வது. மின்னோட்டம் ஒரு கம்பியிற் சென்று ஒழிவதன்று. சென்ற அளவு வேறொரு வழியாய் மீண்டேயாக வேண்டும். புதிதாய்ப் பயில்வோர் செல்வழியைக் கருத்தூன்றி வரைகின்றனர், மீள்வழியை மறந்துவிடுகின்றனர். பலகையிற் பிழையும், அளவையிற் பொய்யும், சிலபோது உயிர்க்கேடும் அம்மறதியினின்றே பிறக்கின்றன. இதனை மூன்று நிலையில் வைத்து விளக்குவாம்.

முதலாவது, பலகை. 1936-ஆம் ஆண்டளவில் இலண்டனில் வாழ்ந்த பால் ஐஸ்லர் என்பார், கம்பிகளுக்கு மாறாகச் செப்புத் தகட்டில் தடங்களை அமைத்து ஒரு வானொலிப் பெட்டியை இயற்றினார். அம்முறையே வளர்ந்து இன்றைய பலகையாயிற்று. 3.3 வோல்ட்டில் இயங்கும் ஓர் ஐ.சி.யின் தரைமுனையை, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய தடத்தால் இணைத்திருப்பதாகக் கொள்வோம். அத்தடத்திற்கு ஏறத்தாழ 100 நானோஹென்றி மின்தூண்டல் உண்டு. ஐ.சி.யின் ஓட்டம் 10 நானோவிநாடியில் 0.1 ஆம்பியர் மாறுமாயின், அத்தடத்தின் இரு முனைகட்கிடையே 1 வோல்ட் எழும். தரையென்று நாம் நம்பிய இடமே ஒரு வோல்ட் துள்ளுமாயின், 3.3 வோல்ட் ஐ.சி. எங்ஙனம் தடுமாறாதிருக்கும்? புரோகிராமிற் பிழையென எண்ணிப் பல இரவுகளைக் கழிப்பார் பலர். பிழையோ செப்புத் தடத்தில் இருக்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றை ஐ.சி.யின் மின்முனைக்கும் தரைமுனைக்கும் இடையே, மிக அணுக்கமாக வைத்தல் வேண்டும். திடீரென வேண்டும் மின்னை அது அண்டையிலிருந்தே அளிக்கும். ஆதலின் சுற்று சிறிதாகும். பலகையின் அடிப்புறம் முழுவதையும் தரைச் செப்பாக விடுதல் அதனினும் நன்று. மிக விரைந்து மாறும் ஓட்டம், தான் சென்ற தடத்திற்கு நேர் கீழேயே மீள விரும்பும். அச்செப்பின் நடுவே பிளவு இருப்பின், ஓட்டம் பிளவைச் சுற்றிவர நேரும். பெருகிய அச்சுற்று, இரைச்சலை வீசவும் வாங்கவும் வல்ல ஏரியலாகிவிடும்.

இரண்டாவது, இயந்திரத்தின் சூழல். மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்னும் கருவி, 415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரத்தை ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு விடுக்கின்றது. ஒவ்வொரு வெட்டின்போதும் மோட்டார்க் கேபிளினின்றும் சிறிது ஓட்டம் இரும்புச் சட்டத்திற் கசியும். அதுவும் டிரைவிற்கே மீளவேண்டும் அன்றோ? நல்வழி அமையாவிடின், நூல் உணரியின் கம்பிவழியே அது மீளும். நூல் அறாதிருக்கவும் அறுந்ததெனக் கருதி இயந்திரம் நின்றுவிடும். பழுதில்லாத போர்டைக் கழற்றிப் புதியது வாங்குதலால் அக்குறை தீராது. கவசமிட்ட மோட்டார்க் கேபிளை இட்டு, அக்கவசத்தை டிரைவிலும் மோட்டாரிலும் செவ்வையாய் இணைத்து, உணரியின் கம்பிகளை அதனின்று விலக்கி நடத்துதலே முறை.

மூன்றாவது, அளக்கும் கருவி. 1897-இல் பெர்டினாண்டு பிரௌன் என்னும் ஜெர்மானியர் அமைத்த கதிர்க்குழாயே ஆஸிலாஸ்கோப்பு என வழங்கும் அலைகாட்டிக்கு மூலமாயிற்று. கருவி காட்டுவதெல்லாம் மெய்யென்று கொள்ளலாகாது. அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது. 5 வோல்ட்டின் குறுக்கே 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராய் வைப்பின் நடுவில் 2.5 வோல்ட் நிற்கும். அங்கு 10 லட்சம் ஓம் உள்தடையுடைய அலைகாட்டியை நேரே தொடுப்பின் 1.67 வோல்ட்டே தோன்றும். பத்திலொன்றாக்கும் புரோபின்வழி அளப்பின் தடை ஒரு கோடி ஓம் ஆகும், அளவு 2.38 வோல்ட்டாகி மெய்யை அணுகும். அவ்வாறே புரோபின் தரைக்கம்பி நீண்டிருப்பின், பலகையில் இல்லாத அலைகள் திரையில் ஆடும். கம்பியைக் குறுக்கிப் பார்த்தபின்னரே பலகையைப் பழிக்க வேண்டும்.

இனிக் கூறுவது உயிரைப்பற்றியது. அன்பர்கள் ஊன்றிப் படிக்க. மேசைமேல் வைத்து மின்சாரத்தில் இயக்கும் அலைகாட்டியின் கறுப்புக் கிளிப், பெரும்பாலும் மூன்றாம் பின்வழியே கட்டடத்தின் எர்த்தோடு இணைந்தது. அதனை டிரைவின் உள்ளே 580 வோல்ட் உலவும் பகுதியில் மாட்டினால், அலைகாட்டியே மீள்வழியாகிப் பெருஞ்சுடரெழ வெடிக்கும். இதற்கஞ்சிச் சிலர் எர்த்துப் பின்னை வெட்டிவிடுவர். அஃது அதனினும் கொடிது. அப்போது கருவியின் உலோக உறுப்புக்கள் எல்லாம் மின்னேறி நிற்கும். அவற்றைத் தொடும் மனிதனின் உடலே மீள்வழியாகும். யூ.எஸ்.பி. வாயிலாய்க் கணினியில் இணையும் சிறு கருவிகளுக்கும் இவ்வச்சம் உண்டு. உயர் வோல்ட்டில் அலையைக் காண, அதற்கென அமைந்த டிபரென்ஷியல் புரோபு வேண்டும். வோல்ட் மட்டும் அறிய, அவ்விடத்திற்குரிய காப்புத்தரம் பொறித்த பேட்டரி மல்டிமீட்டர் போதும். டிரைவின் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதன் கண்டென்சர்களில் மின் தங்கியிருக்கும்; பெட்டிமேற் குறித்த நேரம் கழித்து, வோல்ட் இறங்கியதை அளந்தறிந்த பின்னரே கை வைத்தல் வேண்டும். இவற்றை ஆசிரியரோ தேர்ந்த மின்பணியாளரோ உடனிருந்து கற்பிக்கும்வரை, பேட்டரியில் ஓடும் சிறு பலகைகளோடு நிற்பதே அறிவுடைமை.

அவ்வாறு பயில்வார்க்கு இன்று பெருஞ்செலவில்லை. டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்தார், 'பீனிக்ஸ்' என்னும் திட்டத்தின் வாயிலாய், மாணவருக்கென 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் சிறு கருவியை இயற்றியுள்ளனர். அலைகாட்டியும் அலையாக்கியும் அதனுள் அடங்கும். அதன் சுற்றுப்படமும் யாவர்க்கும் திறந்தது. அதன் '17' எனக் குறிக்கப்பெறும் வகையின் அலைகாட்டி வாயில்களுள் மிகுதியாய்த் தாங்குவனவும் கூட்டலும் கழித்தலுமாகிய 16 வோல்ட் அளவே தாங்குவன. ஆதலின் வீட்டு மின்சாரத்தை அதன்பாற் கொண்டுசெல்லல் ஒருபோதும் ஆகாது. பலகை வரைதற்குக் 'கீகேட்' என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. அது 1992-இல் பிரான்சு நாட்டு ஆசிரியர் ஒருவர் தொடங்கியது.

வேலம்பாளையம் போன்ற ஊர்களினின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர்க்கு, இயந்திரம் நிற்பது வீட்டின் வருவாய் நிற்பதாகும். அத்தகையோர் இக்கலையைக் கற்பது வெறும் பொழுதுபோக்கன்று. குடும்பத்திற்கும் தொழிலுக்கும் செய்யும் உதவியாம். ஆகவே, பலகை வரையுங்காலும், கருவி தொடுக்குங்காலும், பெட்டி திறக்குங்காலும், 'இவ்வோட்டம் எவ்வழி மீளும்?' என்னும் வினாவை முதற்கண் வினவுவோமாக. விடை தெரிந்தபின் கை வைப்போமாக. தெரியாதவழி, தெரிந்தாரை நாடுவோமாக.