பதக்கத்தைப் பறிக்கலாம், ரகசியத்தைப் பறிக்கலாமா?

செஞ்சி,-

ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். மேல்கோட்டையை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து கிடக்கும். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தக் கொம்பனும் உள்ளே போக முடியாது!

ராஜாவுக்கு அத்தனை பந்தோபஸ்து. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துப் பெயர் வாங்கிய ஒரு ஏழைப் பெண்ணுக்கு? அவள் உடம்பைப் பற்றிய ரகசியத்துக்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்றாகிவிட்டது.

இது கற்பனை அல்ல. நம்ம தமிழ்நாட்டுப் பெண்ணுக்கே நடந்தது.

செங்கல் சூளை மகள்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சவுந்தரராஜன். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்களின் மகள். 2006-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கத்தார் நாட்டின் தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்திக்கு வெள்ளிப் பதக்கம்!

அந்தச் சந்தோஷம் அந்த மாதம்கூட நீடிக்கவில்லை. பாலினப் பரிசோதனை என்று ஒன்று செய்தார்கள். அதில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

அறிக்கை அவர் கைக்கே வந்து சேரவில்லை. ஆனால் அதற்குள் டெலிவிஷனில் செய்தி ஓடியது. தன் உடம்பைப் பற்றிய சேதியை ஊரோடு ஊராக அவரும் கேட்க வேண்டியதாயிற்று!

அந்த அறிக்கையில் என்ன இருந்தது? அதை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கும் எனக்கும் அது வேண்டாத விஷயம்.

அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும் ரூ.15 லட்சம் பரிசு கொடுத்தார். ஆனால் பணத்தால் ஊர் வாயை மூட முடியுமா? 2012-ல் அதே சாந்தி செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

இவர் மட்டுமா?

ஸ்பெயின் நாட்டு தடை ஓட்ட வீராங்கனை மரியா மார்ட்டினஸ் பாட்டினோ. 1985-ல் ஜப்பானில் நடந்த போட்டியில் இதே சோதனை. அடுத்த வருஷம் அவர் விவரம் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விடாமல் போராடி 1988-ல் மறுபடி ஓடும் உரிமையை வாங்கினார்.

மேற்கு வங்காள வீராங்கனை பிங்கி பிரமானிக் 2012-ல் ஒரு வழக்கில் கைதானார். அவரைப் பரிசோதித்த காட்சி என்று ஒரு படம் செல்போன்களில் பரவியது. 2014-ல் கல்கத்தா ஐகோர்ட்டு குற்றச்சாட்டை ரத்து செய்தது. வழக்கு போய்விட்டது. பரவிய படத்தை யார் திரும்ப வாங்குவது?

ஒடிசாவின் டூட்டி சந்த் 2014-ல் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சர்வதேச விளையாட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 2015-ல் அந்த விதியையே கோர்ட்டு நிறுத்தி வைத்தது.

கோர்ட்டு சொன்னது

"பேர் வாங்கிட்டா நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. இதுக்கெல்லாம் கோவிச்சா ஆகுமா?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பவர்கள் உண்டு.

அதற்குப் பதில் 1994-லேயே வந்துவிட்டது. ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடர்பான வழக்குதான். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடலாமா என்று சுப்ரீம் கோர்ட்டில் கேள்வி எழுந்தது. பொது ஆவணங்களில் இருப்பதைப் பத்திரிகை எழுதலாம். அரசாங்கம் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது கோர்ட்டு. அதே தீர்ப்பில், தன்னைத் தொந்தரவு செய்யாமல் விடும்படி கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றும் சொன்னது. 2017-ல் 9 நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, கோடு எங்கே என்பது தெளிவு. பந்தயத்தில் யார் ஜெயித்தார், யார் நீக்கப்பட்டார் என்பது ஊர் விஷயம். ஊக்க மருந்து சாப்பிட்டு ஏமாற்றினால் அதுவும் ஊர் விஷயம்தான். பிறவியில் அமைந்த உடம்பு? அது அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்க வேண்டியது. சாந்தி யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்தபடி பிறந்தார், ஓடினார்.

இனிமேல்தான் உஷார்!

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. உலக தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் புது விதி கொண்டு வந்திருக்கிறது. உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் ஒரு தடவை மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள்; அல்லது ரத்தம் எடுப்பார்கள்.

சோதனை சரியா தப்பா என்று வல்லுநர்கள் வாதாடட்டும். நம் கேள்வி வேறு. அந்தக் காகிதம் யார் மேஜையில் இருக்கும்? எத்தனை பேர் கை படும்? வெளியே விட்டவனுக்கு என்ன தண்டனை? சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே சங்கங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2006-ல் விஷயத்தைப் பரப்ப ஒரு டெலிவிஷன் நிலையம் வேண்டியிருந்தது. இன்றைக்குச் சட்டைப் பையில் உள்ள செல்போன் போதும். நாளைக்கு செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தே ஒரு பெண் ஓடி ஜெயிக்கலாம். அவளைப் பற்றி ஏதோ ஒரு காகிதம் உங்கள் போனுக்கு வரலாம்.

அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அழித்துவிடுங்கள். நம்ம வீட்டுப் பொண்ணுன்னா அதைத்தானே செய்வோம்!