பத்து நொடித் தாளம்

ஹிப் ஹாப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது ராப் பாட்டில் போய்த்தான் நிற்கும். பிடித்தவர்கள் சொல்லடுக்கையும் வேகத்தையும் மெச்சுவார்கள். பிடிக்காதவர்கள், ராகமும் கிடையாது, வாத்தியமும் கிடையாது, போதாக்குறைக்கு அடுத்தவர் போட்ட மெட்டை எடுத்து ஓட்டுகிறார்கள் என்பார்கள். டி.ஜே., பிரேக் நடனம், பீட்பாக்ஸ், ராப் என்று கிளைத்த இந்தக் கலாசாரத்தில் ராப் தனக்கென்று ஓர் உருவம் பெற்றது பின்னால்தான் என்பதை இரு தரப்பாருமே மறந்துவிடுகிறார்கள். (கிராஃபிட்டி ஓவியத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது வழக்கம், அதன் கதை தனி.) எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது, ஒரு பாட்டின் நடுவில் பாடுபவரும் மற்ற வாத்தியக்காரர்களும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகள். ‘பிரேக்’ என்று அதற்குப் பெயர். அந்த நொடிகளைக் கண்டெடுத்து, தீராமல் நீட்டிக் காட்டியதுதான் ஹிப் ஹாப்பின் மூலக் கண்டுபிடிப்பு. இதை ஒப்புக்கொண்டுவிட்டால், இதெல்லாம் இசையா என்ற கேள்வி விலகிவிடும். அந்த நொடிகளை வாசித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி முன்னே வரும். இரண்டாவது கேள்விதான் பதில் தேட வேண்டிய கேள்வி.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி 1970களின் தொடக்கத்தில் நொடித்துப்போயிருந்தது. குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போட்ட கிராஸ் பிராங்ஸ் நெடுஞ்சாலை ஆயிரக்கணக்கானோரை வீடு மாறவைத்தது, வசதியிருந்தவர்கள் வெளியேறினார்கள், தெற்கு பிராங்ஸில் கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. தெருக்கள் இளைஞர் கும்பல்களின் பிடியில் இருந்தன. 1971 டிசம்பரில் ஹோ அவென்யூவில் பல கும்பல்கள் கூடிச் சமாதானம் பேசிய பிறகே, ஒரு தெருப் பையன் அடுத்த தெருவில் நடக்கும் பார்ட்டிக்குப் போய்வருவது ஓரளவு நடக்கிற காரியமானது. இந்தச் சூழலில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி நடத்தினார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் பிராங்ஸுக்கு வந்தவர், டி.ஜே. கூல் ஹெர்க் என்ற பெயரில் அறியப்பட்டவர்.

ஹெர்க் ஆட்டக்காரர்களை உற்றுக் கவனித்தார். கைதேர்ந்தவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை. ஓரமாக நின்று பிரேக் வரும்வரை காத்திருந்து, வந்ததும் நடுவில் குதித்தார்கள். பிரேக்கோ சில நொடிகளில் தீர்ந்துபோகும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றதில் அதையே தொடங்கவைத்தார். பத்து நொடி, பத்து நிமிடமானது. எந்தத் தட்டு என்று போட்டியாளர்கள் கண்டுகொள்ளாதிருக்க, லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தார். வாத்தியம் வாங்க வக்கில்லாமல் பிறந்த கலை இது என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இரண்டு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், பெரிய பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிட்டாரைவிடக் கூடுதலாகவே செலவாகியிருக்கும். கடையில் யாருக்கும் கிடைக்கிற தட்டுதான். அதில் எந்த இடத்தில் ஆட்டக்காரரின் கால் துடிக்கும் என்ற அறிவுதான் அரிது. லேபிளை உரித்து ஒளித்ததும் அந்த அறிவைத்தான்.

ஹெர்க் முள்ளைக் கண்பார்வையில் இறக்கியதால் தாளம் அடிக்கடி பிசகியது. அதைச் சரிசெய்தவர் ஜோசஃப் சேட்லர் என்ற கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். மின்னணுவியல் படித்தவர். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. பத்து நொடிப் பிரேக் என்பது சுமார் ஐந்தரைச் சுற்று. பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின்மேல் கிரேயானால் குறித்துவைத்து, ஒரு தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதை அத்தனை சுற்று பின்னுக்குத் தள்ளி, ஹெட்போனில் சரிபார்த்து, சரியான அடியில் விட வேண்டும். மோட்டார் சுழன்றபடி இருக்க, மேலே தட்டு மட்டும் கைக்கு அடங்கி வழுக்க வேண்டுமே! டர்ன்டேபிளுடன் வந்த ரப்பர் விரிப்பு அதற்கு இடம் தரவில்லை. ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி ஏற்றி, இஸ்திரி போட்டு விறைப்பாக்கித் தட்டின் அடியில் வைத்தார். இன்று உலகமெங்கும் டி.ஜே.க்கள் பயன்படுத்தும் ஸ்லிப்மேட் அந்தத் துணிதான். அடுத்து தியோடர் லிவிங்ஸ்டன் என்ற சிறுவன் (பின்னாளில் கிராண்ட் விஸார்ட் தியோடர்) தட்டை முன்னும் பின்னும் அசைத்தால் எழும் கீறல் ஒலியையே தாளமாக்கினான். ‘ஸ்க்ராட்ச்’ அப்படி வந்தது.

பிறர் வாசித்ததைத் தள்ளியும் நிறுத்தியும் காட்டுவது வாசிப்பாகுமா என்று கேட்கலாம். வாசிப்பு என்பதன் இலக்கணம் எது? கையின் அசைவுக்கேற்ப ஒலி மாற வேண்டும்; பயிற்சிக்கேற்ப அது மெருகேற வேண்டும்; தப்பினால் காதுக்குத் தெரிய வேண்டும். மூன்றும் இங்கே பொருந்துகின்றன. ஃபிளாஷ் 1981-இல் வெளியிட்ட ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ பதிவில் மூன்று டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு, ஷிக், குயீன், பிளாண்டி என்று ஒட்டாத குழுக்களின் பாடல்களை ஏழு நிமிடம் ஒரே ஓட்டமாகக் கோத்திருக்கிறார். அந்தத் தட்டுகள் எல்லோரிடமும் இருந்தன. அந்த ஏழு நிமிடம் அவர் ஒருவரிடமே இருந்தது.

மற்றக் கலைகளும் இதே பிரேக்கிலிருந்து கிளைத்தவைதான். நின்றாடும் டாப்ராக், தரையில் கையூன்றிக் கால்களைச் சுழற்றும் ஃபுட்வொர்க், முதுகிலோ தலையிலோ சுழலும் பவர் மூவ்ஸ், சட்டென்று உறைந்து நிற்கும் ஃப்ரீஸ் என்று பிரேக் நடனம் வளர்ந்தது. ஆட்டக்காரர் தாளம் அறுகிற அடியில் உறைந்தால்தான் ஃப்ரீஸுக்கு மதிப்பு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் அரங்கேறியபோது, எந்தப் பாட்டு வரப்போகிறது என்பது போட்டியாளர்களுக்கு முன்கூட்டித் தெரியாது, டி.ஜே. போடுவதைக் கேட்டு அந்த நொடியில் ஆட வேண்டும். மதிப்பெண்ணுக்கான ஐந்து அளவுகோல்களில் ஒன்று இசையுணர்வு. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விஸார்டும் தங்கம் வென்றார்கள். ஆஸ்திரேலியப் போட்டியாளர் ஒருவர் ஒரு புள்ளிகூட வாங்காததைத்தான் உலகம் பார்த்துச் சிரித்தது; பெயர் தெரியாத பாட்டுக்குள் ஒரே கேட்பில் தாளத்தைப் பிடித்தவர்களின் திறமை பேசப்படவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 பட்டியலில் இந்த ஆட்டம் இல்லை.

பீட்பாக்ஸ், டிரம் மெஷினுக்கு வாய் தந்த பதில். 1980-இல் வந்த ரோலண்ட் டி.ஆர்.-808 கருவியின் விலை 1,195 டாலர். அந்த ஒலியைத் தெருமுனையில் வெறும் வாயால் எழுப்பினார்கள். உதடுகளை இறுக்கி வெடிக்கவிடும் ‘ப்’ அடிமுரசு. நாநுனியில் ‘த்ஸ்’ ஜால்ரா போன்ற ஹை-ஹாட். தொண்டைப் பக்கம் அறையும் ‘க்’ ஸ்னேர். டக் இ. ஃப்ரெஷ், ஃபேட் பாய்ஸ் குழுவின் பஃபி ஆகியோர் 1980களில் இதை மேடைக்கலை ஆக்கினார்கள். மிருதங்கச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கும் இதற்கும் வரலாற்று உறவு இல்லை. ஆனால் கொன்னக்கோலை ரசித்த காதுக்கு, ஒருவர் வாய் ஒரு தாளவாத்தியமாவது எவ்வளவு உழைப்பு என்று விளக்க வேண்டியதில்லை. கொன்னக்கோல் தாளத்தைச் சொற்களாகச் சொல்கிறது, பீட்பாக்ஸ் கருவியின் ஒலியையே போலச் செய்கிறது என்பதுதான் வேறுபாடு.

அப்படியானால் ராப்? ஹெர்க்கின் பக்கத்தில் கோக் லா ராக் என்பவர் மைக்கைப் பிடித்து, வந்தவர்களின் பெயரைச் சொல்லி உற்சாகமூட்டினார். பிரேக் நீண்டதால் பேசுவதற்கு இடம் கிடைத்தது. பேச்சு சந்தமாகி, சந்தம் செய்யுளானது. 1979-இல் சில்வியா ராபின்சன் தயாரித்து, சுகர்ஹில் கேங் பாடிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ இதை ஊரறியச் செய்தது. அந்தப் பதிவில் டி.ஜே.யே இல்லை. ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ தாளத்தை வாத்தியக்காரர்கள் மீண்டும் வாசிக்க, அதன்மேல் மூன்று பேர் ராப் செய்தார்கள். இசைத்தட்டில் விற்கத் தோதானது குரல். கூடத்தில் நடந்த கைவேலையை விற்கத் தெரியவில்லை. ராப்தான் ஹிப் ஹாப் என்ற எண்ணம் இந்த வியாபாரத்தில் தொடங்கியது. ராப் வரிகளில் வன்முறை இருக்கிறது, பெண்களை இழிவுபடுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு பகுதிப் பாடல்களுக்கு அது உண்மை, கண்டிக்கவும் வேண்டும். சினிமாப் பாட்டின் சில வரிகளைக் காட்டி மெல்லிசையே கெட்டது என்று யாரும் தீர்ப்பெழுதுவதில்லை. அந்த நிதானம் இங்கும் வேண்டும். கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ ஆல்பத்துக்கு 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது என்பதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

‘திருட்டு’ என்ற குற்றச்சாட்டுத்தான் இருப்பதிலேயே கனமானது. 1980களின் பிற்பாதியில் டர்ன்டேபிளின் வேலையை, ஒலித் துணுக்கைப் பதிந்துகொண்டு மறுபடி ஒலிக்கும் சாம்ப்ளர் என்ற கருவி எடுத்துக்கொண்டது. 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்.பி.-1200 கருவி மொத்தமாகப் பத்து நொடி அளவுக்கே ஒலியைச் சேமிக்கும். இடத்தை மிச்சம்பிடிக்க, 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்துகொண்டு, கருவிக்குள் மறுபடி மெதுவாக்கினார்கள். அதில் ஒலி சற்றுக் கரகரத்தது. அந்தக் கரகரப்பே அக்கால ஹிப் ஹாப்பின் அடையாளமாகிவிட்டது. பப்ளிக் எனமி குழு 1988-இல் ஒரே ஆல்பத்தில் எத்தனையோ பதிவுகளின் துணுக்குகளை அடுக்கியது. 1991-இல் கதை மாறியது. பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து ராப்பர் பிஸ் மார்க்கி எடுத்த துணுக்கு நீதிமன்றம் ஏறியது. திருடாதே என்ற பைபிள் கட்டளையுடன் நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். குற்ற வழக்குத் தொடுக்கலாமா என்று பார்க்கவும் பரிந்துரைத்தார். அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன் அனுமதியும் பணமும் தேவைப்பட, பப்ளிக் எனமி பாணி அடுக்குவேலை கட்டுப்படியாகாமல் போனது.

உழைப்பவரின் உரிமையைக் காக்கும் தீர்ப்புத்தானே என்று தோன்றும். பணம் எங்கே போனது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1970-இல் வெளியானது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த பிரேக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயர் இல்லாததால், 2017-இல் இறக்கும்வரை அதற்கு ராயல்டி என்று அவருக்கு எதுவும் வரவில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் ஒரு தட்டின் பின்பக்கத்துக்காகப் பதிந்த ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த பிரேக் ஏழு நொடி. ஹிப் ஹாப்பைத் தாண்டி, பிரிட்டனின் ஜங்கிள் இசை அந்த ஏழு நொடியின்மேல்தான் எழுந்தது. கோல்மன் 2006-இல் வீடற்றவராக இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிக் கொடுத்தது 24,000 பவுண்டு. அதுவும் நன்கொடைதான்.

சட்டம் மெட்டைப் படைப்பு என்கிறது. பதிவைச் சொத்து என்கிறது. நடுவில் டிரம்ஸ் வாசித்தவரின் ஏழு நொடிக்கு அதில் இடமில்லை. ஆகவே ‘திருட்டு’ என்று முத்திரை குத்தியதால் சாம்ப்ளிங் பணக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் வேலையானது. கட்டணம் பதிவு நிறுவனங்களுக்கும் ஆசிரியர் என்று எழுதப்பட்டவருக்கும் போனது. பறிகொடுத்தவர் பறிகொடுத்தவராகவே நின்றார். ஹெர்க்கும் ஃபிளாஷும் வருவதற்கு முன் அந்த நொடிகளுக்குத் தனி மதிப்பு உண்டென்று ஸ்டூடியோவுக்கும் தெரியாது, சட்டத்துக்கும் தெரியாது. பின்பக்கத்தில் முடங்கிக் கிடந்த டிரம்ஸ் துண்டை உலகின் காதில் போட்டவர்கள் டி.ஜே.க்கள். அவர்களும் பெயர் சொல்லவில்லை, பங்கு தரவில்லை என்பது அவர்கள்மேல் உள்ள குறை. லேபிளை உரித்த பழக்கத்தின் மறுபக்கம் அது. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து, எடுப்பதைத் தடுப்பதில் இல்லை.

இந்தக் கேள்வி தமிழ்ப் பாட்டையும் தொடுகிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி மேளம் பதிவுசெய்தார். அதே ஆல்பத்தில் ‘தளபதி’ படப் பாட்டின் துணுக்கும் உண்டு. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006-இல் ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டைத் தங்கள் ராப்புக்கு அடித்தளமாக்கி, புதிய தலைமுறையை அந்தப் பழைய பாட்டின் பக்கம் திருப்பினார்கள். பழைய பாட்டின் உரிமை யாருக்கு என்ற வழக்குகளை நாமும் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா என்பதோடு அந்த விவாதம் நின்றுவிடுகிறது. உறுமி அடித்தவரும் தவில் வாசித்தவரும் அதில் வருவதில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு இருக்க முடியும்: எந்தத் துணுக்கையும் எடுக்கலாம். எடுத்தால் வாசித்தவர் பெயரை எழுத வேண்டும். வருமானத்தில் முன்பே வகுத்த ஒரு விகிதம் அவருக்கோ அவர் வாரிசுக்கோ போக வேண்டும். பழைய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிய அமெரிக்கச் சட்டத்தில் இப்போதே இதுபோல நிர்ணயித்த கட்டணம் உண்டு. அதைத் துணுக்குக்கும் விரிக்க வேண்டும். பாட்டை எழுதியவரோடு நிற்காமல் வாசித்தவரையும் பங்குதாரராக்க வேண்டும். கணக்குப் பார்ப்பது சிக்கல் என்பார்கள். இணையத்தில் ஓடும் ஒவ்வொரு பாட்டையும் எண்ணிக் காசு பிரிக்கத் தெரிந்த காலத்தில் அந்தச் சாக்கு செல்லாது. பிரேக் ஒரு கலைப்பொருள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கலையென்று மதிக்காத ஒன்றுக்கு யாரும் கூலி கேட்டு வழக்காட முடியாது.